ரஷ்ய மொழிக் கற்பித்தலில் கலப்பு முறை: இணையம் ஆசிரியருக்குத் துணையா, மாற்றீடா?

வெளிநாட்டு மாணவர்களைத் தனது பல்கலைக்கழகங்களுக்கு ஈர்த்துக்கொள்வதில் ரஷ்யா மீண்டும் பெருமுனைப்புக் காட்டி வருகின்றது. ரஷ்ய உயர்கல்வி நிறுவனங்களில் பயிலும் வெளிநாட்டவரின் தொகையை 2030 ஆம் ஆண்டளவில் ஆகக் குறைந்தது 5 இலட்சமாக உயர்த்த வேண்டும் என்பது, 2024 மே மாதத்தில் ஜனாதிபதி விளாடிமிர் புட்டின் பிறப்பித்த ஆணையில் தேசிய இலக்குகளுள் ஒன்றாக இடம்பெற்றுள்ளது. ரஷ்ய அரசாங்கம் வெளிநாட்டவருக்கென ஒதுக்கும் புலமைப்பரிசில் இடங்களும் 2021 இல் 18 ஆயிரமாக இருந்து 2023 இல் 30 ஆயிரமாக அதிகரிக்கப்பட்டன. மேற்குலகின் கதவுகள் தனக்கு அடைபட்டுள்ள நிலையில் ஆசிய, ஆபிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகளின் இளந்தலைமுறையினரைத் தன்பால் ஈர்த்துக்கொள்ள மொஸ்கோ விரும்புவதில் வியப்பேதுமில்லை.

ஆனால், வருகின்ற மாணவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு ரஷ்ய மொழி அந்நிய மொழியாகும். இத்தனை பேருக்கும் அம்மொழியை யார், எவ்வாறு, எவ்வளவு காலத்தில் கற்பிப்பது என்ற வினா இயல்பாகவே எழுகின்றது. இதற்கு விடையாக இன்று முன்வைக்கப்படுவதே கலப்புக் கற்பித்தல் முறையாகும். பாடத்தின் ஒரு பகுதியை மாணவர் இணையவழியில் தாமாகவே பயில, மறு பகுதியை ஆசிரியர் வகுப்பறையில் நேரடியாகக் கற்பிப்பதே இம்முறையின் சாராம்சம்.

தொலைதூர நாடொன்றின் மொழிக் கற்பித்தல் முறைபற்றி எமக்கென்ன கவலை எனச் சிலர் கேட்கக்கூடும். ஆண்டுதோறும் எமது பிள்ளைகள் மருத்துவம் முதலான துறைகளைப் பயில ரஷ்யாவுக்குச் செல்கின்றனர். எமது பெற்றோர் காணியை விற்றும் கடன்பட்டும் அதற்கான பணத்தைத் திரட்டுகின்றனர். அப்பணத்தைக் கொடுத்துப் பெறும் மொழிக்கல்வி எத்தகையது என்பது எமக்கு அக்கறைக்குரிய விடயமே. ஆகவே, இம்முறையின் நன்மை தீமைகளை நிதானமாக ஆராய்வது அவசியமெனக் கருதுகின்றோம்.

புதிதல்லாத ஒரு முயற்சி

வெளிநாட்டவருக்கு ரஷ்ய மொழியைக் கற்பிப்பதில் அந்நாட்டுக்கு நீண்ட அனுபவம் உண்டு. 1960 இல் மொஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டில், படுகொலை செய்யப்பட்ட கொங்கோவின் தலைவர் பற்றிஸ் லுமும்பாவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1992 இல் நீக்கப்பட்ட அப்பெயர் 2023 இல் மீண்டும் சூட்டப்பட்டமை, பழைய உறவுகளைப் புதுப்பிக்கும் மொஸ்கோவின் விருப்பத்துக்கு ஓர் அடையாளம் எனலாம். 1966 இல் புஷ்கின் பெயரிலான ரஷ்ய மொழி நிறுவகத்துக்கு அத்திவாரமிடப்பட்டது. 1967 இல் ரஷ்ய மொழி, இலக்கிய ஆசிரியர்களின் சர்வதேச சங்கம் பாரிஸ் நகரில் உருவாக்கப்பட்டது.

இந்நிறுவனங்கள் உருவாக்கிய அடிப்படை ஏற்பாடு 'ஆயத்த பீடம்' என்பதாகும். வெளிநாட்டு மாணவர் தமது பிரதான பாடநெறியை ஆரம்பிக்க முன்னர் ஏறத்தாழ ஒரு கல்வியாண்டு காலம் ரஷ்ய மொழியையே முழுநேரமாகப் பயில்வர். ஒரு குழுவில் மாணவர் சிலரே இருப்பர். ஆசிரியர் ஒவ்வொருவரின் உச்சரிப்பையும் திருத்துவார். வகுப்பு முடிந்து வெளியே வந்தால் கடை, பஸ், விடுதி, உணவகம் எங்கும் ரஷ்ய மொழியே காதில் விழும். அந்த ஓராண்டின் இறுதியில் மாணவர் பல்கலைக்கழக விரிவுரையைப் பின்தொடரத் தக்க நிலையை எய்துவர் என எதிர்பார்க்கப்பட்டது.

அக்காலத்திலும் தொழில்நுட்பம் புறக்கணிக்கப்பட்டிருக்கவில்லை. காதில் ஒலிவாங்கியுடன் கூடிய தலையணியை மாட்டிக்கொண்டு ஒலிநாடாவைக் கேட்டுத் திரும்பச் சொல்லும் மொழி ஆய்வுகூடங்கள் சோவியத் பல்கலைக்கழகங்களில் பரவலாக இருந்தன. இயந்திரத்தையும் ஆசிரியரையும் இணைக்கும் எண்ணம் இணையத்துடன் பிறந்ததன்று. ஆனால், ஒலிநாடா ஆசிரியரின் வகுப்புக்கு மேலதிகமாகவே வழங்கப்பட்டது. அதன் பேரில் ஆசிரியரின் நேரம் குறைக்கப்படவில்லை. இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனங்கொள்ள வேண்டும்.

இணையவழி ஏற்பாடுகளும் கொவிட் தொற்றுக்கு முன்னரே ஆரம்பமாகிவிட்டன. புஷ்கின் நிறுவகம் ரஷ்ய மொழிவழிக் கல்விக்கான தனது இணையத்தளத்தை 2014 இல் தொடக்கியது. 2015 இல் ரஷ்யாவின் முன்னணிப் பல்கலைக்கழகங்கள் எட்டு ஒன்றிணைந்து 'திறந்த கல்வி' என்ற தேசிய மேடையை ஏற்படுத்தின. அப்போதெல்லாம் இவை விரும்பியோர் பயன்படுத்தும் துணைச் சாதனங்களாகவே இருந்தன.

2020 உம் 2022 உம் தந்த பாடங்கள்

2020 மார்ச் மாதத்தில் இந்நிலைமை ஒரே வாரத்தில் தலைகீழாகியது. பல்கலைக்கழகங்கள் தொலைக்கல்விக்கு மாறின. ரஷ்யா தன் எல்லைகளை வெளிநாட்டவருக்கு மூடியது. ஆயத்த பீடங்களில் சேர்ந்த மாணவர்கள் பலர் ரஷ்ய மண்ணை மிதிக்காமலேயே தத்தம் நாடுகளிலிருந்து கணினித் திரையிலும் கைத்தொலைபேசியிலும் ரஷ்ய மொழியைக் கற்க நேரிட்டது. மொழிச் சூழல் என்ற ஆயத்த பீடத்தின் பெரும்பலம் இல்லாமற் போயிற்று.

அந்த அனுபவத்தில் நன்மை எதுவுமில்லை எனக் கூறுதல் தவறாகும். பதிவு செய்யப்பட்ட பாடத்தை மாணவர் மீண்டும் மீண்டும் கேட்க முடிந்தது. வகுப்பில் வாய் திறக்கக் கூச்சப்படும் மாணவர், தனியே பதிவு செய்து அனுப்பும் குரற்பயிற்சியில் முன்னேறினர். இலக்கணப் பயிற்சிகளைத் திருத்துவதில் ஆசிரியர் செலவிட்ட மணித்தியாலங்களைக் கணினி மிச்சப்படுத்தியது. ஆயினும் இருபது பேர் கொண்ட திரையில் ஒவ்வொருவரும் பேசுவதற்குக் கிடைத்த நேரம் சொற்பமே. இணைப்புத் தடைப்படும் இடங்களில் ரஷ்ய மொழியின் நுண்ணிய ஒலி வேறுபாடுகள் காதை எட்டவேயில்லை. எமது நாட்டிலும் அக்காலப்பகுதியில் ஸூம் வகுப்புகளுக்காக மரத்திலும் குன்றிலும் ஏறி 'சிக்னல்' தேடிய மாணவர்களின் படங்கள் ஊடகங்களில் வெளிவந்தமை நினைவிருக்கலாம்.

இரண்டாவது பாடம் 2022 இல் கிடைத்தது. உக்ரேன் மீதான படையெடுப்பை அடுத்து, கோர்ஸேரா போன்ற சர்வதேச இணையக் கல்வி மேடைகள் ரஷ்யப் பல்கலைக்கழகங்களின் பாடநெறிகளை மார்ச் மாதத்தில் இடைநிறுத்தின. விசா, மாஸ்டர்கார்ட் நிறுவனங்கள் ரஷ்யாவில் தமது செயற்பாடுகளை நிறுத்தியமையால் இணையப் பாடத்துக்கான கட்டணத்தைச் செலுத்துவதும் சிக்கலானது. ரஷ்யாவும் தன் பங்குக்கு பேஸ்புக், இன்ஸ்டகிராம் ஆகியவற்றைத் தடைசெய்தது. 2025 ஓகஸ்ட்டில் வட்ஸ்அப், டெலிகிராம் வாயிலான குரல் அழைப்புகளுக்கும் அங்கு கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. ஆசிரியரும் மாணவரும் அன்றாடம் பயன்படுத்திய வழிகள் அரசியல் காரணங்களால் ஒவ்வொன்றாக அடைபட்டன.

இங்கு யார் சரி, யார் பிழை என்ற விவாதத்துக்குள் நாம் நுழைய விரும்பவில்லை. எல்லையற்றது எனக் கூறப்படும் இணையத்துக்கும் எல்லைகள் உண்டு. அவ்வெல்லைகளை இடுபவர்கள் ஆசிரியர்களோ மாணவர்களோ அல்லர். எனவே, ஒரு பாடநெறியின் முழுப் பாரத்தையும் வேறொருவர் கையிலிருக்கும் மேடையொன்றின் மீது ஏற்றிவைப்பது அபாயகரமானது. இதனை 2022 இன் நிகழ்வுகள் ஐயத்துக்கு இடமின்றி உணர்த்தியுள்ளன.

எதனை இணையத்திடம் ஒப்படைக்கலாம்?

கலப்பு முறையின் வெற்றி தோல்வி, எப்பகுதியை இணையத்திடமும் எப்பகுதியை ஆசிரியரிடமும் ஒப்படைக்கின்றோம் என்பதிலேயே தங்கியுள்ளது. இந்தப் பங்கீட்டைத் தீர்மானிக்க வேண்டியது ரஷ்ய மொழியின் இயல்பாகும். நிறுவனத்தின் வரவுசெலவுக் கணக்கு அதனைத் தீர்மானிக்கலாகாது.

ரஷ்ய அரிச்சுவடியில் 33 எழுத்துகள் உள்ளன. அவற்றின் வடிவங்களை அறிந்துகொள்ளுதல், எழுதிப் பழகுதல், சொற்களை மனனஞ் செய்தல், வேற்றுமை உருபுகளைப் பயிற்சி செய்தல் போன்றவற்றுக்கு ஆசிரியர் அருகில் நிற்க வேண்டிய தேவை அதிகமில்லை. வெளிநாட்டவருக்கான ரஷ்ய மொழித் தேர்ச்சிப் பரீட்சையின் ஆரம்ப நிலைக்கு ஏறத்தாழ 780 சொற்களும், அடிப்படை நிலைக்கு 1,300 சொற்களும், பல்கலைக்கழக அனுமதிக்கு வேண்டப்படும் முதலாம் நிலைக்கு 2,300 சொற்களும் தெரிந்திருக்க வேண்டும். இச்சொற்களைக் கணினி நாள்தோறும் அளவாகத் தந்து, மறந்தவற்றைத் திரும்பவும் கேட்டு, சலிப்பின்றிப் பயிற்றுவிக்கும். பொறுமையில் இயந்திரத்தை விஞ்சும் ஆசிரியர் இல்லை எனலாம்.

ஆனால், உச்சரிப்பின் நிலைமை வேறு. ரஷ்ய மொழியில் சொல்லின் எந்த அசையில் அழுத்தம் விழுகின்றது என்பது பொருளையே மாற்றிவிடும். முதலசையை அழுத்தி 'ஸாமக்' என்றால் கோட்டை; இரண்டாமசையை அழுத்தி 'ஸமோக்' என்றால் பூட்டு. எழுத்தில் இரண்டும் ஒன்றே. அழுத்தமில்லாத இடத்தில் 'ஒ' எனும் உயிர் 'அ'வை அண்மித்து ஒலிக்கும். அதேபோன்று, 'சகோதரன்' எனப் பொருள்படும் சொல்லும் 'எடுத்தல்' எனும் வினையும் ஈற்றிலுள்ள 'த்' ஒலியின் வன்மை மென்மையால் மாத்திரமே வேறுபடுகின்றன. சொல்லழுத்தம் பொருளை மாற்றாத தமிழ் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு இவ்வேறுபாடுகளைக் காது முதலில் பிடிக்காது. காது பிடிக்காததை நா சொல்லாது. மாணவரின் வாயைப் பார்த்து, நாவை எங்கே வைக்க வேண்டும் எனக் காட்டி, பத்துத் தடவை திருத்தி, பதினோராவது தடவை 'இப்போது சரி' என்று சொல்ல ஒருவர் நேரில் இருக்க வேண்டும். ஆரம்ப வாரங்களில் திருத்தப்படாத உச்சரிப்பு பின்னர் இலகுவில் திருந்துவதில்லை என்பதை மொழியாசிரியர்கள் யாவரும் அறிவர்.

வினைச்சொற்களிலும் இவ்வாறே. 'போதல்' என்பதற்கு ரஷ்ய மொழியில் ஒரு சொல் போதாது. நடந்து போவதற்கு ஒன்று, வாகனத்தில் போவதற்கு வேறொன்று. ஒரு திசையில் ஒரு முறை போவதற்கு ஒன்று, வழமையாகப் போய்வருவதற்கு வேறொன்று. இவற்றை அட்டவணையாகத் திரையிற் காட்டலாம். ஆனால், பேச்சின் வேகத்தில் உரியதைத் தெரிந்தெடுக்கும் பழக்கம், ஒருவர் கேட்க மற்றவர் விடைசொல்லும் உரையாடலில்தான் உருவாகும்.

எனவே, விதியை அறிதலும் பயிற்சியும் வீட்டில் இணையவழியாகவும், பேச்சும் திருத்தமும் வகுப்பறையில் நேரடியாகவும் நிகழ்வதே தகுந்த பங்கீடாகும். மாணவர் விளக்கத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டு வந்தால், ஆசிரியர் கரும்பலகையில் உருபுகளை எழுதிக்கொண்டிருக்கத் தேவையில்லை. வகுப்பு நேரம் முழுவதையும் மாணவரைப் பேசவைப்பதற்கு ஒதுக்கலாம். இதுவே கலப்பு முறையின் உண்மையான பயன். ஆசிரியரின் நேரத்தை உரிய இடத்திற் செலவிட இம்முறை உதவும்; அந்நேரத்தையே இல்லாமற் செய்வது அதன் நோக்கமன்று.

ஆய்வு கூறுவதும் மறைக்கப்படுவதும்

கலப்பு முறையை ஆதரிப்போர் அடிக்கடி எடுத்துக்காட்டும் சான்று, 2010 இல் அமெரிக்கக் கல்வித் திணைக்களம் வெளியிட்ட தொகுப்பாய்வாகும். முற்றிலும் நேரடியாகக் கற்றவர்களைவிட இரண்டும் கலந்த முறையிற் கற்றவர்கள் சராசரியாகச் சிறந்த பெறுபேறுகளைப் பெற்றனர் என அந்த ஆய்வு கூறியது. இது ரஷ்ய மொழிக்கென நடத்தப்பட்ட ஆய்வன்று எனினும், கல்வியியலாளர் மத்தியில் அதற்குப் பெரும் செல்வாக்கு உண்டு.

ஆனால், அதே ஆய்வு தெரிவித்த எச்சரிக்கையொன்று பெரும்பாலும் மேற்கோள் காட்டப்படுவதில்லை. கலப்பு முறையிற் பயின்ற மாணவர்களுக்கு மேலதிகக் கற்றல் நேரமும் மேலதிகப் பாடச் சாதனங்களும் பல சந்தர்ப்பங்களில் கிடைத்திருந்தன. ஆகவே, பெறுபேறு உயர்ந்தமைக்கு இணையம் என்ற ஊடகமே காரணம் எனக் கொள்ளலாகாது என்பதே அந்த எச்சரிக்கை. அதாவது, நேரடி வகுப்புடன் இணையத்தைக் 'கூட்டியபோது' பயன் கிடைத்தது. நேரடி வகுப்பைக் 'கழித்துவிட்டு' அவ்விடத்தில் இணையத்தை வைத்தாலும் அதே பயன் கிட்டும் என்பதற்கு அந்த ஆய்வில் ஆதாரம் இல்லை.

கூட்டலுக்கும் கழித்தலுக்கும் இடையிலான இந்த வேறுபாட்டிலேதான் பிரச்சினையின் மையம் உள்ளது. நிர்வாகிகளின் பார்வையில் கலப்பு முறை செலவுக் குறைப்புக்கான வழியாகத் தோன்றுகின்றது. ஒரு முறை பதிவு செய்த பாடத்தை ஆயிரம் பேருக்குக் காட்டலாம்; வகுப்பறை வேண்டாம்; விடுதி வேண்டாம்; ஆசிரியர் தொகையையும் குறைக்கலாம். மாணவர் தொகையை விரைவாகப் பெருக்க வேண்டிய நிர்ப்பந்தம் உள்ள ஒரு நாட்டில் இத்தகைய கணக்குகள் கவர்ச்சிமிக்கவை. ஆனால், நல்ல இணையப் பாடமொன்றைத் தயாரிப்பதற்கும், மாணவர் அனுப்பும் குரற்பதிவுகளைக் கேட்டுப் பதிலளிப்பதற்கும், பின்தங்கியவரை இனங்கண்டு தொடர்புகொள்வதற்கும் ஆசிரியரின் உழைப்பு வேண்டும். இந்த உழைப்பு நேரசூசியில் பதிவாவதில்லை, சம்பளத்திலும் சேர்வதில்லை. அதனைக் கணக்கிலெடுக்காத நிறுவனத்தில் கலப்பு முறை பெயரளவில் மாத்திரமே நிலவும்.

தமிழ் மாணவருக்குள்ள வாய்ப்பும் இழப்பும்

இவ்விடத்தில் இதுவரை போதிய கவனம் பெறாத ஒரு விடயத்தைச் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். இணையத்திலுள்ள ரஷ்ய மொழிப் பாடங்களில் எமது மாணவர் பயன்படுத்துபவை பெரும்பாலும் ஆங்கிலம் வாயிலாகவே விளக்கமளிக்கின்றன. ஆங்கிலேயருக்கு வேற்றுமை என்பது பெருங் கஷ்டம். ஆகவே, அப்பாடங்கள் ஆறு வேற்றுமைகளையும் ஏதோ பயங்கர மலையாக வருணித்தே ஆரம்பிக்கின்றன. தமிழ் மாணவனோ எட்டு வேற்றுமைகளைப் பாலர் வகுப்பிலிருந்தே வாயாற் பேசி வருபவன். 'மொஸ்கோவில்', 'மொஸ்கோவுக்கு', 'மொஸ்கோவிலிருந்து' என அவன் சொல்லின் ஈற்றை மாற்றிப் பொருளை மாற்றுகின்றான். ரஷ்ய மொழியும் ஈற்றைத்தான் மாற்றுகின்றது. அதனுடன் ஓர் இடைச்சொல்லை முன்னே சேர்க்கின்றது, அவ்வளவே.

இன்னும் நுட்பமான ஒற்றுமைகளும் உள்ளன. 'மேசை வாங்கினேன்' என இரண்டாம் வேற்றுமை உருபைத் தொகுத்துக் கூறலாம். 'மாணவன் கண்டேன்' எனக் கூற இயலாது, 'மாணவனைக் கண்டேன்' என்றே கூற வேண்டும். ரஷ்ய மொழியிலும் 'மேசை' போன்ற உயிரற்ற ஆண்பாற் பெயர் செயப்படுபொருளாகும்போது உருமாறுவதில்லை. 'மாணவன்' போன்ற உயிருள்ள ஆண்பாற் பெயர் உருமாறுகின்றது. விலங்குகளையும் அம்மொழி உயிருள்ளவற்றுடன் சேர்க்கின்றது என்ற வேறுபாடு இருப்பினும் அடிப்படைச் சிந்தனை எமக்குப் பரிச்சயமானதே. 'வாசித்தேன்' என்பதற்கும் 'வாசித்து முடித்துவிட்டேன்' என்பதற்கும் இடையில் நாம் உணரும் வேறுபாடு, ரஷ்ய வினைகளின் நிறைவு, நிறைவின்மை என்ற பாகுபாட்டை விளங்கிக்கொள்ள உதவும் நல்லதொரு படிக்கட்டாகும்.

மறுபுறத்தில், அஃறிணைப் பொருள்களையும் ஆண்பால், பெண்பால், அலிப்பால் எனப் பிரிக்கும் வழக்கம் தமிழருக்குப் புதிது. ஒரே எழுத்தால் ககரத்தின் பல ஒலிகளையும் குறிக்கப் பழகிய எமக்கு, தனித்தனி எழுத்துகளால் அவற்றை வேறுபடுத்துவதும் முயற்சி வேண்டுவதே. இவ்வாறு தமிழருக்கு எது எளிது, எது கடினம் என அறிந்து தயாரிக்கப்பட்ட இணையப் பாடம் இருப்பின், எமது மாணவரின் காலமும் உழைப்பும் பெருமளவு மிஞ்சும். அது இல்லாதவரை, ஆங்கிலம் குறைவாக அறிந்த கிராமப்புற மாணவன் ஒரு மொழியைக் கற்பதற்கு இரண்டு மொழிகளின் சுமையைத் தாங்க வேண்டியவனாகின்றான்.

ரஷ்ய மொழிக்கும் தமிழுக்கும் நேரடிப் பாலம் அமைப்பது இயலாத காரியமன்று. மொஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் ஒரு காலத்தில் வெளியிட்ட தமிழ் நூல்கள் எமது வாசிகசாலைகளின் அலுமாரிகளை நிறைத்திருந்தன. மொஸ்கோவில் வாழ்ந்து ரஷ்ய மூலத்திலிருந்தே மொழிபெயர்த்த பூ. சோமசுந்தரம் போன்றோரின் உழைப்பை ஈழத்து வாசகர் நன்கறிவர். சோவியத் ஒன்றியம் 1991 இல் கலைந்ததோடு அந்தப் பாலமும் இடிந்து போயிற்று.

மொழியறியாமையின் விலை

மருத்துவம் பயிலச் செல்லும் மாணவருக்கு ரஷ்யப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆங்கில மொழிமூலப் பாடநெறிகள் உள்ளன. 'ரஷ்ய மொழி தேவையில்லை' என்பது முகவர்கள் சிலரின் விளம்பர வாசகமாகவும் விளங்குகின்றது. ஆனால், வைத்தியசாலைக் கட்டிலில் கிடக்கும் நோயாளி ஆங்கிலத்தில் முனகுவதில்லை. வலி உளைகின்றதா, குத்துகின்றதா, எரிகின்றதா என்பதற்கு ரஷ்ய மொழியில் வெவ்வேறு வினைச்சொற்கள் உள்ளன. நோயை நிதானிப்பதில் இவ்வேறுபாடு முக்கியமானது. முதிய நோயாளி விரைவாகவும் பற்களின்றியும் கூறுவதை விளங்கிக்கொள்ளாத மாணவர், அந்த வார்டில் ஒரு பார்வையாளராகவே நிற்பார். அவ்வாறு நின்றுவிட்டு நாடு திரும்புபவர் இங்கு மருத்துவ சபையின் பரீட்சையை எதிர்கொள்வது மாத்திரமன்றி, எமது நோயாளிகளையும் எதிர்கொள்ளப் போகின்றவர்.

இணையவழியில் சில மாதங்கள் பயின்று, வாய்மொழித் தேர்வேதுமின்றிச் சான்றிதழ் பெற்றுக்கொண்டு மாணவர் புறப்படும் நிலை உருவாகுமாயின், அதன் விளைவுகளை அனுபவிக்கப் போவது அப்பிள்ளைகளே. ரஷ்ய மொழித் தேர்ச்சிப் பரீட்சை வாசிப்பு, எழுத்து, இலக்கணமும் சொல்வளமும், கேட்டல், பேச்சு என ஐந்து பகுதிகளைக் கொண்டது. இவற்றுள் பேச்சும் கேட்டலும் ஆசிரியரின்றி இலகுவில் வாய்க்காதவை. 'கலப்பு முறை' என்ற பெயரில் விற்கப்படும் பாடநெறியில் இவ்விரண்டுக்கும் எத்தனை மணித்தியாலம் ஒதுக்கப்பட்டுள்ளது என்பதே பெற்றோர் கேட்க வேண்டிய முதற் கேள்வியாகும்.

மொழியறியாமையின் விலை இதனிலும் கொடியதாக அமைந்த சந்தர்ப்பமும் அண்மைக்காலத்தில் உண்டு. நல்ல சம்பளத்துடனான தொழில் கிடைக்கும் என நம்பி ரஷ்யாவுக்குச் சென்று போர்முனைக்கு அனுப்பப்பட்ட இலங்கையரின் அவலம் 2024 இல் நாடெங்கும் பேசப்பட்டது. தமக்கு விளங்காத மொழியிலான ஒப்பந்தங்களில் ஒப்பமிட்டதாகப் பாதிக்கப்பட்டோர் கூறியமையும் செய்திகளில் வெளிவந்தது. ரஷ்யப் படையில் சேர்ந்த இலங்கையர் 554 பேரில் 59 பேர் உயிரிழந்துள்ளனர் என 2025 பெப்ரவரியில் வெளிவிவகார அமைச்சர் விஜித ஹேரத் பாராளுமன்றத்தில் தெரிவித்தார். மொழியறிவு மட்டும் அவர்களைக் காப்பாற்றியிருக்கும் எனக் கூறுவதற்கில்லை. வறுமையும் முகவர்களின் வஞ்சகமும் அங்கு பிரதான காரணிகள். எனினும், தாம் ஒப்பமிடும் தாளை வாசிக்க இயலாதவரை ஏமாற்றுவது எளிது என்பதை எவரும் மறுக்கமாட்டார்கள்.

மறுதலையாக, மொழியறிவு தரும் நன்மைக்கும் எம் கண்முன்னே உதாரணம் உண்டு. 2023 இல் இலங்கைக்கு வந்த ரஷ்யச் சுற்றுலாப் பயணிகளின் தொகை 1 இலட்சத்து 97 ஆயிரத்தைத் தாண்டியது. அவ்வாண்டில் இந்தியாவுக்கு அடுத்த இடம் ரஷ்யாவுக்கே கிடைத்தது. தென் கரையோரக் கடைகளிலும் உணவகங்களிலும் ரஷ்ய மொழியில் எழுதப்பட்ட பெயர்ப்பலகைகளும் உணவுப் பட்டியல்களும் சாதாரண காட்சியாகிவிட்டன. அம்மொழியைப் பிழையின்றிப் பேசும் வழிகாட்டிக்கும் விடுதி ஊழியருக்கும் உள்ள வாய்ப்பைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை

இலங்கையில் களனிப் பல்கலைக்கழகத்தின் நவீன மொழிகள் துறையில் ரஷ்ய மொழி கற்பிக்கப்படுகின்றது. கொழும்பிலுள்ள ரஷ்யக் கலாசார நிலையமும் வகுப்புகளை நடத்தி வருகின்றது. ஆனால், யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோ மீற்றர் பயணஞ் செய்து வாராந்த வகுப்புக்கு எவரும் கொழும்புக்கு வர இயலாது. மட்டக்களப்பு, மன்னார், நுவரெலியா மாணவரின் நிலையும் இதுவே. கலப்பு முறை எவருக்கு உண்மையில் வரப்பிரசாதமாக அமையும் எனில், இத்தகைய மாணவருக்கே. சொற்களையும் இலக்கணத்தையும் அவர்கள் தத்தம் ஊரில் இருந்தவாறே பயிலலாம். உச்சரிப்புக்கும் உரையாடலுக்குமென ஆசிரியர் ஒருவர் குறித்த கால இடைவெளியில் அவ்வூர்களுக்குச் சென்று, ஓரிரு நாட்கள் தொடர்ச்சியாக நேரடி வகுப்பு நடத்தலாம். இருபது மாணவர் கொழும்புக்கு வருவதிலும் ஓர் ஆசிரியர் யாழ்ப்பாணம் செல்வது செலவு குறைந்தது. எமது பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறைகளும் மொழியியல் துறைகளும் களனியுடன் ஒத்துழைத்தால், தமிழ் வழியான ரஷ்யப் பாடமொன்றைத் தயாரிப்பது பெருஞ் செலவு பிடிக்கும் காரியமன்று.

அத்தகைய பாடம் இணைப்பின்றியும் கைத்தொலைபேசியில் இயங்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரையிலான மின்வெட்டை 2022 மார்ச்சில் அனுபவித்த மக்களுக்கு இதன் அவசியத்தை விளக்கத் தேவையில்லை. எந்தவொரு தனி மேடையையும் நம்பியிராமல், ஒலிக்கோப்புகளும் அச்சிட்ட பயிற்சி நூலும் மாணவரின் கையில் இருப்பது பாதுகாப்பானது.

வெளிநாட்டுக் கல்வி முகவர்கள் அறிமுகப்படுத்தும் இணையவழி ஆயத்த நெறிகளை உரிய அதிகாரிகள் பரிசீலனைக்கு உட்படுத்த வேண்டியதும் காலத்தின் தேவையாகும். நேரடி வகுப்பு எத்தனை மணித்தியாலம், பேச்சுத் தேர்வை நடத்துபவர் யார், சான்றிதழை ஏற்றுக்கொள்ளும் பல்கலைக்கழகம் எது என்ற மூன்று விபரங்களையாவது பணம் பெறுவதற்கு முன்னர் எழுத்தில் வழங்குமாறு முகவர்களைக் கட்டாயப்படுத்தலாம். இதற்குப் புதிய சட்டம் வரும்வரை பெற்றோர் காத்திருக்க வேண்டியதில்லை. அவர்களே இவற்றைக் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ள முடியும்.

ரஷ்யாவின் கல்வி நிறுவனங்களும் இதனைச் சிந்திக்க வேண்டும். 5 இலட்சம் என்ற இலக்கத்தை எட்டுவது ஒன்று. அந்த 5 இலட்சம் பேரும் ரஷ்ய மொழியில் பேசவும் சிந்திக்கவும் வல்லவராய் நாடு திரும்புவது வேறொன்று. லுமும்பாவின் பெயர் தாங்கிய பல்கலைக்கழகம் மூன்றாம் உலக நாடுகளில் சம்பாதித்த நன்மதிப்பு, ஓராண்டு காலம் மாணவருடன் பொறுமையாக அமர்ந்து அவரின் நாவைத் திருத்திய ஆசிரியர்களாற் கிடைத்தது. அந்த ஆசிரியருக்கு உதவியாக இணையம் வருமாயின் அதனை நாம் வரவேற்கின்றோம். அவரது கதிரையை எடுத்துவிட்டு அவ்விடத்தில் ஒரு திரையை மாத்திரம் வைப்பதற்குக் கலப்பு முறை என்ற பெயர் பயன்படுத்தப்படுமாயின், அதற்கான விலையை மாணவரே செலுத்த நேரிடும். அம்மாணவருள் எமது பிள்ளைகளும் இருக்கின்றார்கள் என்பதை உரிய தரப்பினர் அனைவரும் மனதிற் கொள்ள வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.